ஆடி பிறக்கும் முன் பேசிவிடுவோம்: மொய் விருந்து ஊர்களின் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம், மாங்காடு, அணவயல், புள்ளான்விடுதி, மேற்பனைக்காடு, ஆவணம், குருவிக்கரம்பை என்று தஞ்சை மாவட்டத்தின் தெற்கிலும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கிலும் மொய் விருந்து நடக்கிற ஊர்களின் பெரியவர்களுக்கும், கரைகாரர்களுக்கும், விருந்தைக் கூட்டாக எடுத்து நடத்துகிற அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

இதை எழுதுகிறவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பந்தல் வாசலில் மேசை போட்டு, பக்கத்தில் ஒருவர் பணத்தை எண்ணிப் பாத்திரத்தில் போட, "எந்த ஊரு, யாரு மகன், எவ்வளவு" என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதுகிற ஆட்களில் ஒருவன். பெயர் போட்டால் இவன் யார் வீட்டுக் கணக்கைச் சொல்கிறான் என்று தேடத் தொடங்கிவிடுவீர்கள், அதனால் போடவில்லை. மொய் எழுதுகிறவன் நோட்டில் இருப்பதை வெளியே பேசக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத கட்டுப்பாடு. அதை மீறப் போவதில்லை. எல்லா வீட்டு நோட்டிலும் பொதுவாக இருக்கிற ஒன்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வட்டியில்லாமல் வாங்கிய மொய்யை வட்டிக்கு வாங்கித் திருப்பிக்கொண்டிருக்கிறோம். சொல்ல வந்தது இவ்வளவுதான். இதைப் பந்தலில் உட்கார்ந்து சொல்ல முடியாது, கறிச்சோறு தொண்டையில் இறங்காது. ஆகவே மடல்.

வெளியூர்க்காரர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக நாலு வரி. எங்கள் பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலேயே பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். ஒரே பந்தலில் பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து நடத்துவதும் உண்டு. சமையல், பந்தல் செலவு பங்காகிவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மேசை, தனித்தனி நோட்டு. வருகிறவர் சாப்பிட்டுவிட்டு, விருந்து வைக்கிறவர் தமக்கு முன்பு செய்த பழைய மொய்யைத் திருப்பி, அதன் மேல் புது மொய்யும் வைத்துப் போவார். அந்தப் புது மொய்யை விருந்து வைத்தவர் பிறகு வந்தவர் வீட்டு விருந்தில் திருப்ப வேண்டும், மேலே இவரும் ஏதாவது சேர்த்து வைக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இந்த முறை வரும். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, கையெழுத்துக்கூடக் கிடையாது.

இதன் அருமை எனக்குத் தெரியாதது அல்ல. ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள், தென்னங்கன்று வைத்தவர்கள், பெட்டிக்கடையை மளிகைக் கடையாக்கியவர்கள், பிள்ளையை சிங்கப்பூருக்கு ஏற்றிவிட்டவர்கள், பெண்ணை நர்சிங் படிக்க வைத்தவர்கள் என்று இந்தப் பணத்தால் எழுந்த வீடுகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. வங்கி மேலாளர் முன்னால் பட்டா, சிட்டா, அடங்கல் என்று காகிதம் காகிதமாக நீட்டி நின்றாலும் கிடைக்காத தொகை, ஒரே பகலில் ஊர்க்காரர் கைகளிலிருந்து வந்து விழுந்திருக்கிறது. ஊரே சேர்ந்து ஒருவனைத் தூக்கிவிடுகிற ஏற்பாடு இது. இதை ஒழிக்கச் சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை.

ஆனால் நோட்டு எழுதுகிறவனுக்கு நோட்டின் இரண்டு பக்கமும் தெரியும்.

ஒரு கணக்குப் போடுவோம். யார் வீட்டுக் கணக்கும் அல்ல, வசதிக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள். ஒருவர் விருந்து வைக்கிறார். 500 பேர் வருகிறார்கள். ஆளுக்கு 2,000 ரூபாய். அதில் 1,000 அவர் முன்பு செய்ததன் திருப்பம், 1,000 புது மொய். மாலையில் எண்ணி முடித்தால் 10 லட்சம். மறுநாள் டீக்கடையில் "அவருக்குப் பத்து லட்சம் விழுந்துருச்சாம்" என்று பேச்சு. விழுந்ததில் 5 லட்சம், அவர் ஐந்து வருஷமாக ஊரெல்லாம் போய் வைத்துவிட்டு வந்த அவருடைய சொந்தப் பணம். மீதி 5 லட்சம் கடன். இலாபம் என்று இதில் ஒற்றை ரூபாய் கிடையாது. அந்தப் பத்து லட்சத்திலிருந்துதான் ஆட்டுக்கறிக்கும், பந்தலுக்கும், பத்திரிகைக்கும், பிளெக்ஸ் போர்டுக்கும் அவர் பங்குச் செலவு கழிய வேண்டும்.

இனி அடுத்த ஐந்து வருஷத்தைப் பாருங்கள். அந்த 500 பேரும் முறை வைத்து விருந்து நடத்துவார்கள். வருஷத்துக்கு 100 பத்திரிகை வரும். ஒவ்வொன்றுக்கும் 1,000 பழையது, 1,000 புதியது. வருஷத்துக்கு 2 லட்சம். அதுவும் பன்னிரண்டு மாதத்தில் பரவி வராது, ஆடி, ஆவணி என்று அறுபது நாளுக்குள் வந்து குவியும். ஒரு நாளைக்கு ஒரு பத்திரிகைக்கு மேல் ஆகிறது. மாதம் 20,000 ரூபாய் வருமானம் உள்ள வீட்டுக்கு வருஷ வருமானமே 2,40,000 தான். அந்தப் பத்து லட்சத்தைப் போட்டு வருமானம் வருகிற ஏதாவது ஒன்றை உருவாக்கியிருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு நிற்கும். மாடி எடுத்துக் கட்டியிருந்தால், கார் வாங்கியிருந்தால், பெரிய பெண்ணின் சடங்கைத் திருவிழாவாக நடத்தியிருந்தால் நிற்காது. மாடி வீடு தேங்காய் காய்க்காது.

பத்து லட்சத்தையும் மொத்தமாகக் கையில் பார்த்ததும் அதைக் கடன் என்று மனம் ஏற்க மறுக்கிறது. அன்றைக்குப் பந்தலில் எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள், சந்தனம், குங்குமம், மைக்கில் பெயர். கடன் வாங்குகிறவனை இவ்வளவு மரியாதையாக எந்த வங்கியிலும் நடத்தியதில்லை! அந்த மயக்கத்தில்தான் பணம் தகுதிக்கு மீறிச் செலவாகிறது. திருப்ப வேண்டிய ஆடி வரும்போது கையில் எதுவும் இல்லை.

அப்போது என்ன செய்கிறோம்? முதலில் நகை. வீட்டுக்காரி கழுத்தில், காதில் இருப்பது. மொய் நோட்டில் எழுதுவது ஆம்பளை பெயர், அடகுச் சீட்டில் இருப்பது பொம்பளை நகை. ரொம்ப காலமாக எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்ப்பதே இல்லை.

நகைக்கடனில் கடந்த சில வருஷமாக ஒரு புதுக் கண்ணி சேர்ந்திருக்கிறது. 2025 சனவரியில் ஒரு பவுன் 60,000 ரூபாயைத் தாண்டியது. அதே வருஷம் செப்டம்பரில் 80,000-ஐத் தாண்டியது. நகை வைத்திருப்பவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அடகில் இருக்கிற நகைக்கு விலை ஏறினால் என்ன நடக்கிறது? மதிப்பில் நூற்றுக்கு 75 என்று கணக்கு வைத்தால், பவுன் 60,000 இருந்தபோது பத்துப் பவுனுக்கு நாலரை லட்சம் கிடைத்த இடத்தில், 80,000 ஆனபோது ஆறு லட்சம் கிடைத்தது. "மாத்தி வைங்கண்ணே, இன்னும் ஒன்றரை லட்சம் எடுக்கலாம்" என்று கடைக்காரரே போன் போட்டுச் சொல்கிறார். ஒரு கிராம் தங்கமும் கூடவில்லை, கடன் மட்டும் ஒன்றரை லட்சம் கூடிவிட்டது. அந்த ஒன்றரை லட்சம் ஆடியில் யார் யார் பாத்திரத்திலோ போய் விழுகிறது.

ரிசர்வ் வங்கி 2025 சூனில் நகைக்கடனுக்குப் புது நெறிமுறை வெளியிட்டது. இரண்டரை லட்சம் வரை உள்ள கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்று உச்சவரம்பு. 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்றார்கள். கடனைக் கட்டி முடித்தபின் நகையைத் தராமல் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்ற விதி நல்ல விதி. ஆனால் சின்னக் கடனுக்குக் கூடுதல் சதவீதம் என்பது நம்மைப் போன்ற வீடுகளுக்கு இன்னும் கொஞ்சம் கயிறு விட்டுக்கொடுப்பதுதான். இன்னொரு பக்கம், 2024 முடிவிலிருந்து பல வங்கிகளில் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கிற வழக்கத்தை நிறுத்தி, முழுப் பணத்தையும் கட்டித் திருப்பினால்தான் மறுபடி வைக்கலாம் என்றார்கள். அந்த ஒரு நாளைக்கு முழுப் பணத்துக்கு எங்கே போவது? வங்கி வாசலிலேயே ஒரு நாள் வட்டிக்குப் பணத்தோடு ஆள் நின்றார்கள். கடனைக் கட்டுப்படுத்தப் போட்ட விதி, கந்துவட்டிக்காரனுக்கு ஒரு நாள் வியாபாரமாக முடிந்தது.

நகையும் தீர்ந்த வீட்டில் குழுக் கடன். வாரத் தவணை, ஐந்து பேர், பத்துப் பேர் ஒருவருக்கொருவர் பொறுப்பு. ஒருத்தி கட்டவில்லையென்றால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் உட்கார வேண்டும். இந்தக் கடனுக்கும் ரிசர்வ் வங்கி 2022-இல் விதி வைத்தது. வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பம். எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டுகிற தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. நான் கேட்பது இதுதான்: குழு லோன் கொடுக்க டேப்லெட்டோடு வருகிற தம்பி "வேறென்ன கடன் இருக்குக்கா?" என்று கேட்கும்போது எந்த அக்காவாவது "மொய் பாக்கி ரெண்டு லட்சம்" என்று சொல்லியிருக்கிறாரா? ஒருவர் வாங்கிய கடன்களைக் காட்டுகிற சிபில் அறிக்கையில் மொய் வராது. வருமானத்தில் பாதி என்கிற கணக்கில் மொய் வராது. அந்தத் தம்பியின் கணக்குப்படி அந்த வீடு தவணை கட்டத் தெம்புள்ள வீடு. நம் நோட்டின்படி அது ஏற்கெனவே முழுகிய வீடு.

நகையும் இல்லை, குழுவும் மறுத்துவிட்டது என்றால் கடைசியில் மூணு வட்டி, அஞ்சு வட்டி. மூணு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 3,000, வருஷம் 36,000. அசல் அப்படியே கிடக்க, அடுத்த முறை தன் விருந்து வரும் வரை ஐந்து வருஷம் வட்டி மட்டும் கட்டினால் 1,80,000. வட்டியே இல்லாத ஒரு லட்ச ரூபாய் மொய்யைத் திருப்ப இரண்டு லட்சத்து எண்பதாயிரம் செலவு. 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடை செய்தது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீயில் கருகியதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2025-இல் மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. வட்டிக்காரனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. அவனிடம் நம்மை அனுப்புகிற வழக்கத்தை எந்தப் போலீசும் பிடிக்காது, அது நம் கையில் இருக்கிறது.

பெரியவர்களே, இந்த நிலைக்கு யாரும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2018 நவம்பர் 16-ஐ நினைத்துப் பாருங்கள். அன்று விடிகாலை கஜா புயல் அடித்தபோது, அந்த வருஷ ஆடியில் விருந்து வைத்து மொய் வாங்கியவர்கள் அப்போதுதான் நோட்டைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தென்னையை நம்பித்தான் வாங்கினார்கள். ஒரே இரவில் மரம் எல்லாம் சாய்ந்தது. புதுத் தென்னை வைத்தால் காய்க்க ஐந்து, ஆறு வருஷம் ஆகும். மொய் திருப்ப வேண்டிய காலமும் அதே ஐந்து வருஷம். மரம் காய்ப்பதற்கு முன்பே முழு மொய்யும் திருப்பி முடித்தாக வேண்டும். மூச்சு விடுவதற்குள் 2020-இல் ஊரடங்கு. அந்த வருஷம் யார் யார் முறையோ அவர்கள் விருந்து நின்றது. ஐந்து வருஷமாக ஊரெல்லாம் வைத்த பணம் திரும்பி வரவில்லை. அடுத்து விருந்துகள் தொடங்கியதும் தள்ளிப்போனவையும் முறைப்படி வந்தவையும் சேர்ந்து பத்திரிகைகள் மலையாகக் குவிந்தன.

அப்போது வங்கிகள் 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்டு வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளி வைத்தன. வட்டி ஓடியது, அது வேறு விஷயம், ஆனாலும் கேட்டு வாசலுக்கு வரவில்லை. 2021-இல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனை அரசு தள்ளுபடி செய்தது. மொய்க்குத் தள்ளி வைப்பும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் மொய்யைத் தள்ளுபடி செய்ய முடியாது. அதைச் செய்யக்கூடிய ஒரே அதிகாரம் நீங்கள்தான். அதனால்தான் கோட்டைக்கோ மும்பையில் இருக்கிற ரிசர்வ் வங்கிக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லப் போவது எனக்குக் கேட்கிறது. "யாருடா கூடச் செய்யச் சொன்னது? முடிந்ததைச் செய்துவிட்டுப் போகட்டும்." ஐயா, அப்படிச் செய்துவிட்டுப் போகிற மாதிரியா பந்தலை வைத்திருக்கிறோம்? வாசலில் பணம் எண்ணும் இயந்திரம், கம்ப்யூட்டர், சிசிடிவி கேமரா. பழைய மொய்யை மட்டும் திருப்பி வைத்தால் "கணக்கை முடிச்சுக்கிட்டான்" என்று ஒரு பேச்சு. கணக்கை முடித்துக்கொள்வது என்றால் உறவை முடித்துக்கொள்வது என்று அர்த்தமாகிவிட்டது. ஆயிரத்துக்கு ஆயிரத்தைத் திருப்பி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, சாப்பிடாமலேயே கிளம்புகிற ஆட்களை மேசையில் உட்கார்ந்து பார்க்கிறவன் நான். வாங்கிய கடனைச் சுத்தமாகத் திருப்பித் தந்தவன் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். மொய் முடித்துக்கொள்ள ஒரு கௌரவமான வழி வேண்டும். "இந்த முறையோடு எங்கள் வீட்டுக் கணக்கைச் சுருக்கிக்கொள்கிறோம், இருக்கிறதைத் திருப்புகிறோம், புதிதாக வைக்கவில்லை, எங்களுக்கும் யாரும் வைக்க வேண்டாம்" என்று ஒரு குடும்பம் ஊர்க்கூட்டத்தில் சொன்னால், அதை ஊர் ஏற்றுக்கொண்டதாகப் பெரியவர்கள் அறிவிக்க வேண்டும். அதற்கு மேல் டீக்கடையில் ஒரு வார்த்தை வரக் கூடாது. இதை ஒருவர் தனியாகச் செய்தால் கஞ்சன், ஓடிப்போனவன் என்று பெயர். ஊர்ச் சபையில் சொல்லிச் செய்தால் அதே காரியம் முறையாகிவிடும். இப்படி விலகுகிறவர்களால் மொய் விருந்தே அழிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். தெம்புள்ளவர்கள் தொடர்வார்கள், தெம்பில்லாதவர்களைச் சுமந்துகொண்டு ஓடுகிற விருந்துக்கு எப்படியும் ஆயுள் குறைவு.

திருப்புவதிலும் கொஞ்சம் தளர்வு வேண்டும். பாதியை இந்த ஆடியிலும் மீதியை அடுத்த தையிலும் கொடுத்தால் என்ன குடி முழுகிப் போகும்? நோட்டில் "பாதி வரவு" என்று ஒரு கோடு எழுதுவது எனக்குக் கஷ்டமே இல்லை. பூ வியாபாரம் செய்கிறவருக்கும், வாழை போட்டவருக்கும், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்புகிற பணத்தை எதிர்பார்க்கிறவருக்கும் பணம் வருகிற மாதம் வேறு வேறு. எல்லோரும் ஆடியில்தான் கொடுத்தாக வேண்டும் என்பதால்தான் ஆடியில் வட்டிக்கடை நிரம்புகிறது.

கணவர் இறந்த வீட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கருமாதி முடிந்த கையோடு நோட்டு அந்தப் பெண் கைக்கு வருகிறது. யார் யாருக்கு எவ்வளவு என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் பார்க்கிறார். வர வேண்டிய மொய்யை வாங்க அவர் பத்திரிகை அடித்து விருந்து வைக்கத் தயங்குகிறார். கொடுக்க வேண்டியதற்கு மட்டும் பத்திரிகை தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டுக்கு வர வேண்டியதை விருந்தில்லாமலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும், புது மொய் எதிர்பார்க்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு போட்டால் எதிர்த்துப் பேச ஒருவரும் எழுந்திருக்க மாட்டார். போடத்தான் ஆள் இல்லை.

விருந்துக்கு வெளியே உள்ள விசேஷங்களையும் விட்டுவைக்க முடியாது. மொய் விருந்து வைத்த அதே வீட்டில் அடுத்த வருஷம் சடங்கு, அதற்கு அடுத்த வருஷம் காதணி விழா, நடுவில் புதுவீடு குடிபுகுதல். ஒவ்வொன்றுக்கும் தாய்மாமன் சீர். தட்டு வரிசை எவ்வளவு நீளம், எத்தனை கிடா, எத்தனை வேட்டு என்று ஊர் எண்ணுகிறது. தாய்மாமன் எத்தனை இடத்தில் கைநீட்டினான் என்று யாரும் எண்ணுவதில்லை. பவுன் விலை இப்படி ஏறியபிறகு, பத்து வருஷத்துக்கு முன்பு மச்சான் போட்ட ஒரு பவுன் மோதிரத்துக்கு இன்று ஒரு பவுனாகவே திருப்ப வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? அன்றைக்கு என்ன விலையோ அந்தத் தொகையைத் திருப்பினால் போதும் என்று சொல்லிப் பாருங்கள். மச்சான்மார் சண்டைக்கு வருவார்கள், தெரியும். வரட்டும், பேசித் தீர்க்கலாம்.

மைக்கில் தொகை வாசிப்பதை நிறுத்துங்கள். இதற்கு விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பிளெக்ஸ் பற்றி எனக்கு ஒரு தனிக் கோபம் உண்டு, அதை இங்கே கொட்டவில்லை.

வருமான வரி பற்றியும் ஒன்று காதில் போட்டு வைக்கிறேன். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் அது வருமானமாகக் கணக்கிடப்படும் என்பது சட்டம். கல்யாணத்துக்கு வருவதற்கு விலக்கு உண்டு. நாம் வைப்பது கல்யாணம் இல்லை. "இது அன்பளிப்பு இல்லை சார், கடன்" என்று அதிகாரியிடம் சொல்ல வேண்டிய நாள் வந்தால், அன்றைக்காவது நாமே அதைக் கடன் என்று ஒப்புக்கொண்டிருப்போம். ஜிபே, க்யூஆர் அட்டை என்று மொய் வாங்கத் தொடங்கிவிட்ட பிறகு அந்த நாள் ரொம்பத் தூரத்தில் இல்லை.

இதையெல்லாம் நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசலிலும் வடகாட்டிலும் நல்லாண்டார்கொல்லையிலும் உட்கார்ந்த சனம் இந்த ஊர்ச் சனம்தான். கட்சி பார்க்கவில்லை, சாதி பார்க்கவில்லை, வேலைக்குப் போகாமல் வந்து உட்கார்ந்தோம். கஜாவுக்குப் பிறகு அரசாங்கத்துக்குக் காத்திருக்காமல் கைக்காசைப் போட்டுக் குளங்களைத் தூர்வாரியவர்கள் நம் பிள்ளைகள்தான். அந்த இளைஞர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர்களில் பலர் அப்பாவின் மொய் நோட்டைத் தூக்கிச் சுமக்கப் பயந்துகொண்டு திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். ஆடியில் ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை என்று அவர்கள் சொல்வதில் பாதி பொய்.

ஆனி பாதிக்குள் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பேசிப் பயனில்லை. எனவே வைகாசியிலேயே, கோயில் திருவிழாக் கணக்குப் பார்க்க ஊர் கூடுகிற அன்றே, இதையும் எடுத்துப் பேசுங்கள். ஒரே கூட்டத்தில் எல்லாம் முடியாது. கணவரை இழந்த வீடுகளுக்கான கட்டுப்பாட்டை மட்டுமாவது அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

நானும் என்னோடு மொய் எழுதுகிற இன்னும் சிலரும் பேசி வைத்திருக்கிறோம். எந்த வீட்டுக்காரராவது, குறிப்பாக வீட்டுக்காரம்மாக்கள், நோட்டை எடுத்து வந்தால் உட்கார்ந்து கணக்குப் பார்த்துத் தருவோம். வர வேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு, எந்த ஊருக்கு எந்த வருஷம் என்று தனித்தனியாக ஒரே தாளில். அதோடு நகைச் சீட்டு, குழு அட்டை, கைமாற்று எல்லாவற்றையும் பக்கத்திலேயே எழுதிக் கூட்டிக் காட்டுவோம். காசு வேண்டாம், வெளியே ஒரு சொல் போகாது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வாருங்கள். பழைய நோட்டு, கிழிந்த நோட்டு எதையும் விட்டுவிடாமல் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பந்தல்களில் மொய் எழுதுகிற ஒருவன்